பிறந்தது இங்கே, படித்தது இங்கே, பட்டம் மட்டும் எங்கே? முகாம் மாணவர்களைச் சேர்க்க மறுக்கும் படிவங்கள்

செலியமேட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ரிசல்ட் வந்த மறுநாளே சான்றிதழ் வேட்டை தொடங்கிவிடும். பாகூர் தாலுகா ஆபீஸுக்கு ஒரு நடை, ஜெராக்ஸ் கடைக்கு ரெண்டு நடை. குடியிருப்புச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் சென்டாக்கில் புதுச்சேரி மாணவராக விண்ணப்பிக்க முடியும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் கிடையாது. அவர் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்குப் போக வேண்டும். பாகூர் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் நடுவில் தமிழ்நாடு வந்துவிட்டுப் போகும். அதனால் எல்லைக்கோடு ஒரு காலேஜ் சீட்டை என்ன செய்யும் என்பதை இந்தக் கிராமங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலூர் மாணவருக்கு இந்தக் கதவு மூடியிருந்தாலும் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. எந்தக் கதவிலும் 'உங்க பேரு இந்த லிஸ்ட்ல இல்ல' என்று கேட்க நேர்பவர்களும் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதைத் தாண்டி வடக்கே சில கிலோமீட்டர் போனால் விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்புத்துப்பட்டு வரும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. தெற்கே கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை முகாம்கள். இங்கே இன்று பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து, அதே சமச்சீர்ப் பாடப்புத்தகத்தில் பரீட்சை எழுதியவர்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்கள்.

பிறந்தும் குடிமகன் இல்லையா?

இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அம்மா, அப்பாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து படகேறி வந்தவரிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் எங்கிருந்து இருக்கும்? அந்தக் காகிதம் இல்லாததாலேயே அவர் அந்தப் பட்டியலில் விழுகிறார், பிள்ளையையும் இழுத்துக்கொண்டு.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987-க்கு முன் பிறந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. அவருக்குப் பின்னால் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த தம்பி தங்கைகளுக்கு அந்த வழி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆக, 'அகதி' என்ற சொல்லுக்கே இங்கே தனிச்சட்டம் கிடையாது. எல்லாமே அரசாணையிலும் சுற்றறிக்கையிலும் ஓடுகிற வாழ்க்கை.

தமிழ்நாடு செய்ததும் செய்யாததும்

நியாயமாகச் சொன்னால், தமிழ்நாடு நிறையவே செய்திருக்கிறது. 1983 முதல் இங்கே வந்து சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். 2021 ஆகஸ்டில் அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே 34,087 பேர். அப்போது அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் வீடுகளோடு படிப்பும் இருந்தது. பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் தேர்வாகும் முதல் 50 முகாம் மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசின் பொறுப்பு. வேளாண் படிப்புகளில் முதல் ஐந்து பேருக்கும் அதேபோல. மற்ற மாணவர்களுக்கான உதவித்தொகையும் உயர்ந்தது. அதே மாதத்தில் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது.

அதற்கு முன்பே வேலை பார்த்தவர்களையும் மறக்கக் கூடாது. தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி.சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் பிள்ளைகளின் படிப்பையே முதல் வேலையாக வைத்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பும்போது கையில் படிப்பாவது இருக்கட்டும் என்ற கணக்கு.

ஆனால் அரசாணையில் கிடைப்பது அரசாணையிலேயே போய்விடவும் கூடும். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அதுதான் நடந்தது. முகாம்களில் கெடுபிடி கூடியது, கல்லூரிச் சேர்க்கையில் அதுவரை இருந்த சலுகைகள் பறிபோயின. அந்தக் கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தங்கள் படிப்பால் அதற்கு விலை கொடுத்தார்கள். 90-களின் பிற்பாதியில்தான் கதவு மறுபடி மெல்லத் திறந்தது. இது சலுகையாகவே இருக்கும்வரை இன்னொரு முறை மூடாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இன்றைக்கு அந்தக் கதவு எதுவரை திறந்திருக்கிறது? அரசுக் கலைக் கல்லூரியில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் இலங்கைத் தமிழ் அகதி என்பதற்கான சான்றிதழோடு கலந்துகொள்ளலாம். எம்பிபிஎஸ் என்றால் சேர்க்கை விதிகள் குடியுரிமையைக் கேட்கின்றன. டாக்டர் கனவு அங்கேயே நின்றுவிடுகிறது.

ரெண்டு பெட்டியிலும் இடமில்லை

மாநில எல்லையைத் தாண்டினால்தான் நிஜச் சிக்கல் தெரியும். தமிழ்நாட்டு அரசாணை புதுச்சேரியின் சென்டாக்கைக் கட்டுப்படுத்தாது, மத்தியப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தாது. அங்கே விண்ணப்பத்தில் பொதுவாக இருப்பது ரெண்டே ரெண்டு வாசல்: ஒன்று இந்தியர், இன்னொன்று வெளிநாட்டவர்.

இந்தியர் என்று டிக் அடித்தால் பொய். சரி, வெளிநாட்டவர் என்று அடிக்கலாமே? இந்திய உயர்கல்வி நிறுவனங்கள் 25 சதவீதம் வரை கூடுதல் இடங்களை உருவாக்கி வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கலாம் என்று யுஜிசி 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி வெளிநாட்டு மாணவர் என்றால் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர். முகாமில் பிறந்த பெண்ணிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்லை. அப்படியே சேர்த்துக்கொண்டாலும் வெளிநாட்டவருக்கான கட்டணத்தை எதிலிருந்து கட்டுவது? முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்பதுதான் 2021-ல் உயர்த்திய உதவித்தொகை. மிச்சம் எல்லாம் அப்பா பெயின்ட் அடித்துக் கொண்டுவருவது.

அந்தப் பெயின்ட் வேலை இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. டிகிரி முடித்த முகாம் இளைஞர்களும் அதே பெயின்ட் டப்பாவைத் தூக்குகிறார்கள். அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். தனியார் நிறுவனத்தில் ஆள் சரிபார்ப்பில் ஆவணம் இடிக்கும். கம்பெனி வெளிநாட்டு வேலைக்கு அனுப்பினால் பாஸ்போர்ட் இல்லை. வெளியூரில் தங்கிப் படித்தாலும், வேலை பார்த்தாலும் முகாமில் பதிவு நடக்கும் நாளில் ஊருக்கு ஓடிவர வேண்டும். அதற்கு அங்கே 'செக்கிங்' என்று பெயர். அண்ணன் இப்படி அலைவதைப் பார்க்கும் தம்பி, 'படிச்சு மட்டும் என்னத்த கிழிக்கப் போறேன்' என்று கேட்டால் வாத்தியாரிடம் பதில் இருக்காது. படிப்பை நிறுத்துவதற்குப் பணமில்லாதது ஒரு காரணம் என்றால், படித்த அண்ணனின் கையில் இருக்கும் பிரஷ் இன்னொரு காரணம்.

குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். இந்த விவாதத்தில் அடிக்கடி நழுவிப்போகும் புள்ளி இதுதான். குடியுரிமை கொடுங்கள் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அது நாடாளுமன்றத்தின் வேலை, எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது. கல்லூரிச் சேர்க்கை அப்படி இல்லை. ஒரு சேர்க்கை விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

எந்த வரி? 'குடியுரிமை எதுவாக இருந்தாலும், இந்தியப் பள்ளிகளில் இத்தனை ஆண்டு படித்த, அரசிடம் பதிவு செய்த முகாம் மாணவர்கள் உள்நாட்டு மாணவர்களாகவே கருதப்படுவார்கள்.' இது ஆகாயத்திலிருந்து குதித்த யோசனை இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா 2001-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருஷம் படித்துத் தேறியவருக்கு, குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும், மாநில மாணவருக்கான கட்டணமே. கேள்வி 'உன் பாஸ்போர்ட் எங்கே' என்பதிலிருந்து 'நீ எங்கே படித்தாய்' என்று மாறியது. உலக அளவில் அகதி இளைஞர்களில் உயர்கல்வி பெறுவோரை 2030-க்குள் 15 சதவீதமாக்க வேண்டும் என்று ஐநா அகதிகள் முகமை இலக்கு வைத்திருக்கிறது. ஜெர்மனியின் ஆதரவோடு 1992 முதல் ஓடும் அதன் டாஃபி உதவித்தொகை இந்தியாவிலும் உண்டு. ஆனால் அது அந்த முகமையிடம் பதிவு செய்த ஆப்கானியர், மியான்மர் நாட்டவர் போன்றவர்களுக்கு. அரசு முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழர்களுக்கு அரசை விட்டால் வேறு வாசல் குறைவு.

'நம்ம பிள்ளைங்களுக்கே சீட் இல்ல, இதுல இவங்களுக்கா?' என்ற கேள்வி வரும். செலியமேட்டிலும் வரும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலேயே உள்ளூர் மாணவர்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு சில பாடங்களில் மட்டும்தான், எல்லாப் பாடங்களுக்கும் கொடுங்கள் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. அந்தக் கோபம் நியாயம். ஆனால் யுஜிசி சொல்லும் அந்தக் கூடுதல் இடங்கள் உள்ளூர் மாணவர் யாருடைய இடத்தையும் எடுப்பவை அல்ல, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேலே உருவாக்குபவை. அதில் சில இடங்களை உள்நாட்டுக் கட்டணத்தில் முகாம் மாணவர்களுக்குத் திறந்துவிடுவதில் பாகூர் பிள்ளைக்கு ஒரு சீட்டும் குறையாது.

டெல்லியும் முழுதாக அசையாமல் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக இனி தண்டனை நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில் உள்துறை உத்தரவிட்டது. இவர்கள் இங்கே இருப்பது குற்றமல்ல என்று அரசே எழுதிவிட்டது. ஆனால் இருக்கலாம் என்ற அந்த உத்தரவில் படிக்கலாம் என்பது எங்கும் இல்லை. அதை எழுத வேண்டியது கல்வி அமைச்சகமும் யுஜிசியும். புதுச்சேரி அரசுக்கு அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சென்டாக்கின் தகவல் கையேடு வருஷா வருஷம் புதிதாகத்தான் அச்சாகிறது.

அதுவரைக்கும், இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கும் முகாம் மாணவர்கள் முகாம் அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், அகதி என்பதற்கான வருவாய்த் துறைச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றுபோல இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒரு எழுத்து மாறினாலும் கவுன்சலிங் மேஜையில் திருப்பி அனுப்ப அது ஒரு காரணமாகிவிடும். கட்டண உதவி பற்றி சென்னையில் இருக்கும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்கலாம்.