மேல்மாடியில் இருந்தவள்

சென்ற மாதம் நம் பங்கிலுள்ள ஓர் இல்லத்துக்கு, நோயுற்ற மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தோம். அவர் நன்மை வாங்கியபின் காப்பிக்காக அமர்ந்திருந்தபோது, தாய்க்கும் மகளுக்கும் நடந்துவந்த வழக்கொன்று நம்மிடம் தீர்ப்புக்கு வந்தது. வழக்குக்குரிய பொருள் ஒரு காதல் நாவல். தாயார் ஓய்வுபெற்ற ஆசிரியை. சார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் அயர்' அவருக்கு உயிர். மகளோ, "அம்மா கொண்டாடும் கதாநாயகனை எனக்குப் பிடிக்கவில்லை, ஃபாதர்" என்றாள்.

கதையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது கூறுவோம். பெற்றோரை இழந்த ஜேன், ராச்செஸ்டர் என்னும் செல்வரின் மாளிகைக்கு ஒரு சிறுமிக்குப் பாடம் கற்பிக்க வருகிறாள். இருவர் உள்ளமும் ஒன்றுபடுகின்றன. திருமண வேளையில், கோவிலிலேயே ஒரு வழக்கறிஞர் முன்வந்து தடை கூறுகிறார்: மணமகனுக்கு மனைவி இருக்கிறாள், உயிரோடும் இருக்கிறாள். (மெய்விவாகத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது எதற்கு என்று நம்மைக் கேட்கும் இளைஞர்கள் இந்த அதிகாரத்தைப் படிப்பார்களாக.) பெர்த்தா என்னும் அம்மனைவி மனநலம் குன்றியவள், அதே மாளிகையின் மேல்மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருப்பவள். ஜேன் அவரை உயிராக நேசித்தும், மனைவியாக இயலாத இடத்தில் உடன் வாழ மறுத்து, விடியுமுன் வெளியேறுகிறாள்.

1847-ல் கரர் பெல் என்ற புனைபெயரில் இந்நூல் வெளிவந்தபோதே இரு கட்சிகள் தோன்றிவிட்டன. நாவலாசிரியர் தாக்கரே மெச்சிப் படித்தார். 1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரிவியூ' இதழில் எலிசபெத் ரிக்பி என்னும் பெண்மணி, இது கிறிஸ்தவத்துக்கு முரணான நூல் என்று சாடினார். ஜேன் வெளியேறும் பகுதியைப் படித்த பின்னும் அவ்வாறு எழுத அவருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ! இந்தியாவுக்கு மறைபரப்பச் செல்லவிருக்கும் போதகர் ஒருவர், காதலின்றியே அவளை மணந்து அழைத்துச் செல்ல விரும்புகிறார். அதற்கும் அவள் இணங்கவில்லை. குருவாகிய நமக்கும் அவள் செய்தது சரியென்றே படுகிறது.

"மனச்சாட்சிக்கு அஞ்சி நடந்த பெண், சாமி. இதற்குமேல் என்ன வேண்டும்?" என்றார் தாயார்.

"ஜேனைக் குறைசொல்லவில்லையே! மேலே பூட்டிக் கிடந்தவளைப்பற்றி யார் கேட்டார்கள்? 30,000 பவுண்டு சீதனத்துக்காகத்தானே ஜமெய்க்காவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்?" என்றாள் மகள். டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரைஸ், பெர்த்தாவின் பக்கம் நின்று 1966-ல் 'வைட் சர்காசோ சீ' என்றொரு நாவல் எழுதினார். மகளின் கையில் அப்போது அதுதான் இருந்தது.

தாயாரும் விடவில்லை. "அந்தக் காலத்துப் பைத்தியக்கார விடுதிகளில் தள்ளாமல் வீட்டில் வைத்துக் காத்தாரே! மாளிகை தீப்பற்றியபோது அவளைக் காப்பாற்றத்தானே கூரைமேல் ஏறினார்? கண்ணையும் கையையும் இழந்தாரே!"

நாம் இருவருக்கும் ஒன்றை நினைவூட்டினோம். நூல் வெளிவந்த சில மாதங்களிலேயே, 1848 ஜனவரியில், சார்லட் பிராண்டி தம் பதிப்பகத்தாருக்கு எழுதிய கடிதமொன்றில், அப்பெண்ணைச் சித்திரித்ததில் அச்சத்தை மிகுத்துவிட்டதாகவும், இரக்கமே மேலோங்கியிருக்க வேண்டுமென்றும் தம் பிழையை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குருமடத்தில் இந்நூலைப் படித்தபோது ஜேனுக்காகக் கண்ணீர் விட்டோம். பெர்த்தா நமக்குக் கதையில் ஓர் இடையூறாகவே தோன்றினாள். பல்லாண்டுகளுக்குப்பின் வேறொரு பங்கில் வீடு மந்திரிக்கச் சென்றோம். ஓர் இல்லத்தின் பின்கட்டில் பூட்டிய அறை. உள்ளே யாரோ முனகும் ஓசை. "அது சாமான் அறை, சாமி" என்றார் வீட்டுத் தலைவர். அவர் மகனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவின்மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த அறைக்குச் சென்றுவிட்டோம். மறுபடி சென்று விசாரிக்கலாம் என்று எண்ணியிருக்கையில் மாற்றல் வந்துவிட்டது.

இதைக் கேட்டபின் தீர்ப்பை யாரும் வற்புறுத்தவில்லை. விடைபெறும்போது மகள் தன் கையிலிருந்த நூலை நம்மிடம் தந்தாள். தாயார் வாசல்வரை வந்து, "படித்து முடித்ததும் என்னிடமே கொடுத்தனுப்புங்கள் சாமி, நானும் பார்க்கிறேன். ஆனால் ராச்செஸ்டரை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்" என்றார்.