குமாஸ்தா யார்?

கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய், அச்சடி, கையெழுத்துப் போடு, நேரில் கொண்டு வா. இந்த நான்கு கட்டளைகளையும் ஒரே மூச்சில் பிறப்பிக்கிற காரியாலயங்கள் நம் நாட்டில் பெருகிவிட்டன. இதற்கு நவீன நிர்வாகம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். குமாஸ்தாவின் வேலையைக் குடிமகன் தலையில் கட்டி, அதற்கான செலவையும் அவனிடமே வசூலிக்கிற வித்தை என்று நான் சொல்வேன்.

முதலில் எதிர்க்கட்சியின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கையால் கிறுக்கிய மனுவைவிட அச்சான மனு தெளிவானது. பெயரில் இருப்பது 'ன'வா 'ண'வா என்று யாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் திருத்தி அச்சடித்துக் கொள்வது, முடிந்தவனுக்கு ஒரு சௌகரியந்தான். நான் அந்தச் சௌகரியத்தின் விரோதியல்ல. சௌகரியம் கட்டாயமாக மாறுகிறதே, அதற்குத்தான் விரோதி.

அந்தச் சௌகரியமாவது ஒழுங்காகக் கிடைத்ததா? பி.டி.எஃப். என்ற வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. கட்டங்களை நிரப்பும் வசதியும் சில வருஷங்களில் வந்து சேர்ந்தது. ஆனால் அந்நிறுவனம் இலவசமாகத் தந்த ரீடரில், விண்ணப்பத்தைத் தயாரித்தவர் தனியாக அனுமதி வைத்திருந்தாலொழிய, நிரப்பியதைச் சேமித்து வைக்க முடியாது, அச்சடிக்கத்தான் முடியும். 2012இல் வெளிவந்த பதினோராவது பதிப்பில்தான் அந்தத் தடை நீங்கிற்று. அதுவரை நாற்பது கட்டங்களை நிரப்பி, அச்சடித்து, மூடிவிட்டவன், காகிதத்தில் ஒரு பிழையைக் கண்டால் நாற்பதையும் மறுபடி நிரப்ப வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூட ஒரு ரப்பர் துண்டு இருக்கிறதே, ஐயா!

போகட்டும், அச்சடித்த காகிதம் என்ன ஆகிறது? காகிதம் தானாக நடந்து யந்திரத்துக்குள் போகாது. கம்ப்யூட்டரிலிருந்து காகிதத்துக்கு வந்த எழுத்தை, மறுபுறம் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மறுபடியும் அடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது. கிணற்றில் இறைத்த தண்ணீரை வீதி வலம் வரச் செய்து அதே கிணற்றில் கொட்டுகிற கதை இது.

கையெழுத்து வேண்டாமா, அத்தாட்சி வேண்டாமா என்று கேட்பார்கள். வருமான வரி இலாகாவையே சாட்சிக்கு அழைக்கிறேன். கணக்கை இணையத்தில் தாக்கல் செய்த பிறகும், டிஜிட்டல் கையொப்பம் இல்லாதவர்கள் ஐ.டி.ஆர்.-வி என்ற தாளை அச்சடித்து, கையெழுத்திட்டு, பெங்களூருக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2015இல் ஆதார் மூலம் ஓ.டி.பி. பெற்றுச் சரிபார்க்கிற வழியையும் அதே இலாகா திறந்துவிட்டது. வரி வசூலிக்கிற காரியத்துக்கே கையெழுத்திட்ட காகிதம் இன்றியமையாததல்ல என்றால், மற்றக் காரியங்களுக்கு மட்டும் அது எப்படித் தெய்வமாயிற்று?

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எழுத்தில் இருக்க வேண்டும் என்று வேறொரு சட்டம் கேட்டால் மின்னணு வடிவமே போதும் என்கிறது. பேஷ்! ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படியுங்கள். சர்க்கார் காரியாலயம் மின்னணு வடிவில் ஏற்றுத்தான் தீர வேண்டும் என்று வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை என்று அது கையை விரிக்கிறது. ஆக, கம்ப்யூட்டரிலேயே வாங்கிக்கொள் என்று குடிமகன் அதிகாரியை வற்புறுத்த முடியாது. கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டு வா என்று அதிகாரி மட்டும் குடிமகனை வற்புறுத்தலாம்!

இந்த வற்புறுத்தலுக்கு விலை கொடுப்பவர் யார்? வீட்டில் கம்ப்யூட்டரும் அச்சு யந்திரமும் வைத்திருப்பவர் அல்ல. விதவைப் பென்ஷனுக்கு அலைகிற கிழவி. பட்டா மாற்றத்துக்கு நடக்கிற குடியானவன். ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துத்தான் அவர்கள் தங்கள் பெயரையே எழுதிக்கொள்ள வேண்டும். தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரும் காசு வாங்கினார். ஆனால் மனு தமிழில் இருந்தது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால் அவளுக்குப் புரிந்தது. கடைக்காரரின் கம்ப்யூட்டர் திரை அவர் பக்கந்தான் திரும்பியிருக்கிறது. "மேலே கண்ட விவரங்களைப் படித்துப் புரிந்துகொண்டேன்" என்று பல விண்ணப்பங்களின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கும். அதற்குக் கீழே அந்தக் கிழவி கைநாட்டு வைக்கிறாள். படிக்காத ஒன்றைப் படித்ததாக அவளைச் சொல்ல வைப்பது யார் செய்த பொய்? விவரம் தவறிப்போனால் பென்ஷன் நிற்கிறது. பழி அவள்மேல் விழுகிறது.

ஆகையால் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமல்ல. கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் கம்ப்யூட்டரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், காகிதம் கேட்காதீர்கள். காகிதந்தான் வேண்டும் என்றால் பேனாவால் எழுதியதையும் கை நீட்டி வாங்குங்கள். விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்துப் படித்துக் காட்ட ஒரு சிப்பந்தி இருக்கட்டும். சம்பளம் வாங்குகிற குமாஸ்தா ஒருவர் உள்ளே இருக்கும்போது, சம்பளமில்லாத குமாஸ்தாவாக வெளியே வெயிலில் நிற்க அந்தக் கிழவிக்குக் கடமை ஒன்றும் இல்லை.