பட்டினி கிடக்க வேண்டியது யார்?

"கட்டிக்குப் போகும் ரத்தத்தை நிறுத்து, புற்றுநோய் பட்டினியாலேயே செத்துவிடும்." மாதம் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் இது வந்துவிடுகிறது. கூடவே சர்க்கரையை விடு, சோற்றை விடு என்று ஒரு பட்டியல். என் நண்பர் ஒருவர் இதை நம்பி, கதிர்வீச்சு சிகிச்சைக்கு நடுவே ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வந்தார். ஆள்தான் பாதியானார், கட்டி அல்ல. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

மூல யோசனை பொய்யல்ல. கட்டிகள் தமக்கென்று புது ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்டு வளர்கின்றன, அதைத் தடுக்கலாம் என்று 1971-இல் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன். 2004-இல் பெவசிசுமாப் என்ற மருந்துக்குப் பெருங்குடல் புற்றுநோயில் அங்கே அனுமதி கிடைத்தது. தனியாக அல்ல, கீமோவோடு சேர்த்து. மார்பகப் புற்றுநோய்க்கு 2008-இல் கொடுத்த அனுமதியை 2011-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பட்டினி போடுவது அவ்வளவு சுலபமாக இருந்தால் இது ஏன் நடந்தது?

ரத்தத்தை அடைத்துவிட்டால் கீமோ எந்த வழியாக உள்ளே போகும்? இதற்கு 2001-இல் ஒரு விளக்கம் தந்தவர் ராகேஷ் ஜெயின், கான்பூர் ஐஐடியில் படித்த கெமிக்கல் இன்ஜினியர். பாசன வேலை பார்த்த எனக்கு அது உடனே புரிந்தது. கட்டியின் ரத்தக் குழாய்கள் கரை கசியும் வாய்க்கால் மாதிரி. நீர் வழியிலேயே கசிந்து தேங்குகிறது, கடைமடை காய்கிறது. இந்த மருந்தை அளவோடு கொடுத்தால் கொஞ்ச காலத்துக்குக் கசிவு குறைந்து ஓட்டம் சீராகலாம் என்றார். அளவு மிஞ்சினால் வாய்க்காலே தூர்ந்துவிடும்.

காய்ந்த கடைமடையில்தான் ஆபத்து. பிராணவாயு இல்லாத செல்லைக் கொல்லக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படும். 1950-களிலேயே இங்கிலாந்தில் கிரே என்ற விஞ்ஞானியின் குழு எழுதிவைத்த விஷயம் இது. அப்படியானால் சில நேரம் ரத்த ஓட்டத்தைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது.

எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது? அளந்து பார்த்தால்தானே தெரியும். சாய மருந்து ஏற்றி, நொடிக்கு நொடி சிடி, எம்ஆர்ஐ படம் எடுத்தால் ஓட்டம் தெரிகிறது. ஆனாலும் இன்றைக்கும் பெரும்பாலும் கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் பார்க்கிறார்கள். நீர் அளக்காமல் மதகைத் திறப்பவனும் மூடுபவனும் ஒன்றுதான். புது மருந்துக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சமாவது இந்த அளவைக்குப் போகட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சிகிச்சையின்போது பீடி, சிகரெட் வேண்டாம். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். அந்த ஃபார்வேர்டை மட்டும் பட்டினி போடுங்கள்.