சோடாபுட்டியா, விஞ்ஞானியா?



கோவிலூரிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் பஸ்ஸில் ஒரு மாணவி ஏறுகிறாள். கனத்த மூக்குக் கண்ணாடி. கையில் பௌதிகப் புத்தகம். "ஏ சோடாபுட்டி! படிப்ஸ்!" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல். கூடவே சிரிப்பு. இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தக் குரலை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் அந்தக் குரலுக்கே சொந்தக்காரர்களாகவும் இருந்திருப்பீர்கள்!

இந்தக் கேலியை நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்? சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. 1972-இல் வெளிவந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில் படித்த பட்டணத்துப் பெண் கர்வக்காரி. கிராமத்துக் கணவன் அவளை அடக்குகிறான். 2003-இல் தொடங்கிய இந்தித் தொடர் 'ஜஸ்ஸி ஜைசி கோயி நஹீ'. அதன் கதாநாயகி மிகுந்த திறமைசாலி. ஆயினும் கண்ணாடியும் பல்லில் கம்பியுமாக அவளைச் சிரிப்புக்குரியவளாகக் காட்டினார்கள். பின்னர் தோற்றத்தை மாற்றி அழகியாக்கினார்கள். அறிவு மட்டும் போதாதாம்!

இப்போது காட்சி மாறி வருகிறது. 'ஹாரி பாட்டர்' கதைகளில் நூலகமே கதியென்று கிடக்கும் ஹெர்மயனியின் படிப்புதான் நண்பர்களைப் பலமுறை காப்பாற்றுகிறது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பியதைக் கூறும் 'மிஷன் மங்கள்' (2019) என்ற இந்திப் படத்தில் பெண் விஞ்ஞானிகள் வீடும் குடும்பமும் உள்ள சாதாரண மனிதர்களாகவே வருகிறார்கள்.

"வெறும் கதைதானே, அதனால் என்ன?" என்று கேட்கிறீர்களா? ஒரு சோதனையைப் பாருங்கள். 'ஒரு விஞ்ஞானியை வரையுங்கள்' என்று குழந்தைகளிடம் சொல்லிச் சேகரித்த 4,807 படங்களைப் பற்றி டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983-இல் எழுதினார். அவற்றில் பெண் விஞ்ஞானிகள் எத்தனை பேர் தெரியுமா? இருபத்தெட்டே பேர்! அந்த 28 படங்களையும் வரைந்தவர்கள் சிறுமிகளே. அமெரிக்காவில் பின்னர் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் பெண் விஞ்ஞானிகளின் பங்கு சுமார் 28 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஆனால் ஒரு விஷயம் கவலை தருகிறது. ஆறு வயதுச் சிறுமிகள் பெரும்பாலும் பெண் விஞ்ஞானியையே வரைந்தார்கள். பதினாறு வயது மாணவிகளோ பெரும்பாலும் ஆணை வரைந்தார்கள். ஆகவே இது பிறவியில் வந்த எண்ணமன்று. வளரும் வழியில் கற்றுக்கொண்டது. அதுவும் ஏறக்குறைய உங்கள் வயதுக்குள்!

நம் ஊர்ப் பக்கமே திரும்பிப் பாருங்கள். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை, 'சிக்ரி'யை, நீங்கள் அறிவீர்கள். அங்கே விஞ்ஞானியாகச் சேர்ந்து, மின்கலங்களை ஆராய்ந்து, 2019-இல் அதன் முதல் பெண் இயக்குநரானவர் ந. கலைச்செல்வி. அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவர், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். 1942-இல் தோன்றிய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்கு 2022-இல் முதல் பெண் தலைமை இயக்குநராகவும் ஆனார். அத்தகைய ஒருவர் நம் பகுதிச் சாலைகளில் போய்வந்த அதே காலத்தில்தான் பஸ்ஸில் 'சோடாபுட்டி' என்ற குரலும் ஒலித்துக்கொண்டிருந்தது!

ஒன்று சொல்ல விரும்புகிறேன். படிக்கும் பெண்ணைக் கேலிப் பொருளாகக் காட்டியது தவறு. அவளை எப்போதும் மேதையாகவே காட்டுவதும் போதாது. முதல் மார்க் வாங்காவிட்டாலும் "ஏன்? எப்படி?" என்று கேட்கும் பெண்ணுக்கும் அறிவியலில் இடமுண்டு. அவளைத் திரையில் நான் அதிகம் காண்பதில்லை. உங்கள் வகுப்பிலோ அவள் நிச்சயம் இருக்கிறாள்.

நாளை உங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லுங்கள். எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, பஸ்ஸில் யாராவது அந்தப் பட்டப்பெயரைச் சொன்னால் சிரிக்காமல் இருங்கள். சிரிப்பவர் இல்லாத கேலி எத்தனை நாள் நிலைக்கும்?