தூக்க முடியாத பெட்டி

'தான்சு' எனும் ஜப்பானிய மரப்பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் நண்பர்கள் ஸென், எளிமை, மௌனம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நானும் அப்படிப் பேசிக்கொண்டுதான் ஒன்றைச் செய்தேன்.

தேக்கில் செய்தேன். "கனமா இருந்தாதான்டா மரம்" என்று மாமா சொன்னதை நம்பினேன். இரும்புத் தகடுகள், பக்கவாட்டுக் கைப்பிடிகள் எல்லாம் படத்தில் பார்த்தபடியே. கைப்பிடி அழகுக்குத்தானே என்று சின்ன ஸ்குருவில் பொருத்தினேன்.

2021 டிசம்பர் வெள்ளம் தாமான் ஸ்ரீ மூடாவில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. நானும் தம்பியும் பெட்டியை மாடிக்குத் தூக்கப் பார்த்தோம். கைப்பிடி கையோடு வந்துவிட்டது, பெட்டி அசையவில்லை. மேல் இழுப்பறைகளை உருவிக்கொண்டு ஓடினோம். திரும்பி வருவதற்குள் கீழ் இழுப்பறை தண்ணீருக்குள் போய்விட்டது. அதில்தான் அம்மாவின் கல்யாணச் சேலையும் அப்பாவின் படங்களும் இருந்தன.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். தான்சு தியானம் செய்ய உண்டானதில்லை. எடோ அடிக்கடி எரிந்த நகரம். 1657 பெருந்தீயில் மக்கள் சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓட, தெருக்களே அடைத்துக்கொண்டன. 1683இல் சக்கரப் பெட்டிகளுக்குத் தடை வந்தது. பக்கத்து இரும்புப் பிடி கழியைச் செருகித் தோளில் தூக்குவதற்கு. துணிப்பெட்டிகள் பலவும் மேல், கீழ் என இரண்டாகப் பிரியும்.

மரத்தேர்விலும் அதே கணக்குதான். துணி வைக்கும் பெட்டிக்குக் கிரி மரம். அதன் எடை தேக்கில் பாதிகூட இல்லை, ஈரத்தில் உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். பலகைகளை நீண்ட நாள் மழையிலும் வெயிலிலும் போட்டுக் கறையை வெளியேற்றிய பிறகே வேலையைத் தொடங்குவார்கள். ஆணியையும் மரத்திலேயே சீவுவார்கள். கப்பல் பெட்டி என்றால் வெளியே கெயாகி எனும் வன்மரம், உள்ளே கிரி.

"நம்மூர்ல கிரிக்கு எங்க போறது?" என்று கேட்பீர்கள். ஜெலுத்தோங் இருக்கிறதே! கிரி அளவுக்கு இல்லையென்றாலும் இலகு, அதிகம் சுருங்காது, பென்சில் செய்யப் போன மரம். பூச்சி அரிக்கும், கரையானும் விடாது. அதனால் காலுக்கும் சட்டத்துக்கும் வன்மரம் போடுங்கள். எங்கே உறுதி வேண்டும், எங்கே இலகு வேண்டும் என்று நம் ஊர் மழையை வைத்து யோசிக்காமல் இரும்புத் தகடு மட்டும் அடித்தால் அது வேஷம்.

இப்போது ஜெலுத்தோங்கில் இரண்டு அடுக்காக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து ஸென் பேசாதீர்கள். ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்.