திக்கற்றோரை ஆக்கும் திருப்பயணங்கள்

தருமத்தை அதனைச் செய்வோனின் நோக்கத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடும் வழக்கம் மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. நல்ல மனத்தோடு செய்தார் என்று கூறிவிட்டால் அதன்பின் எவரும் வினா எழுப்புவதில்லை. செய்த செயல் யாருக்கு என்ன விளைத்தது என்று கேட்பவர் நன்றியற்றவராகவும், சில வேளைகளில் சமயப் பகைவராகவும் கருதப்படுவர். அப்பழிச்சொல்லுக்கு அஞ்சியே நீண்ட காலம் விமர்சிக்கப்படாது போன வழக்கமொன்று உண்டு. செல்வந்த நாடுகளின் திருச்சபைகள் வறிய நாடுகளிலுள்ள சிறு ஆலயங்களையும் சிறுவர் இல்லங்களையும் கண்டுவருமாறு தம் உறுப்பினரை ஓரிரு வாரங்களுக்கு அனுப்பிவைக்கும் குறுங்கால மிசன் பயணமே அது.

இதனைச் சிலருடைய தனிப்பட்ட ஆர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐக்கிய அமெரிக்காவிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 இலட்சம் திருச்சபை உறுப்பினர் இவ்வாறு வெளிநாடு செல்கின்றனர் என்று, 2005இல் நடத்திய ஆய்வின் அடிப்படையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் றொபேட் வுத்னோ மதிப்பிட்டார். பயணத்தின் நிகழ்ச்சிநிரல் பெரும்பாலும் ஒரே தன்மையது. கோடை விடுமுறையில் ஒரே நிறச் சட்டையணிந்த குழுவொன்று வந்திறங்கும், ஒரு சுவருக்கு வர்ணம் பூசும், இனிப்புப் பண்டங்கள் பகிரும், ஞாயிறு ஆராதனையில் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு சாட்சி பகரும், பிள்ளைகளை மடியிலிருத்திப் படம் எடுக்கும், கண்ணீரோடு விடைபெறும். அடுத்த வாரம் வேறொரு குழு வரும்.

இவ்வழக்கத்தின் விளைவைக் காண ஹெயிட்டியைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. மயாமி நகரிலிருந்து இரண்டு மணித்தியாலம் பறந்தாற் சென்றடையக்கூடிய அத்தீவு நாடு, மிசன் குழுக்களின் விருப்பத்துக்குரிய தலமாகப் பல பத்தாண்டுகள் விளங்கியது. 2017இல் லூமொஸ் என்னும் சிறுவர் நல அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி அங்கு ஏறத்தாழ 750 அநாதை இல்லங்கள் இருந்தன. அவற்றில் 30,000 வரையிலான பிள்ளைகள் வாழ்ந்தனர். இவ்வில்லங்களுள் மூன்றிலொரு பங்கிற்கு மட்டும் வெளிநாட்டிலிருந்து ஆண்டுதோறும் குறைந்தது 7 கோடி டொலர் சென்றது. அதில் மிகப் பெரும் பகுதியை அளித்தவை வட அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்புகளே. ஆயின் அப்பிள்ளைகளுள் 80 வீதமானோர்க்குத் தாயோ தந்தையோ, ஒருவரேனும் உயிருடன் இருந்தனர். அநாதை இல்லம் என்ற பெயர்ப்பலகையின் கீழ் வாழ்ந்த ஐவருள் நால்வர் அநாதைகள் அல்லர் என்பதே இதன் பொருள்.

பெற்றோர் இருக்கப் பிள்ளை ஏன் இல்லத்திற்குச் சென்றது? ஹெயிட்டியில் பாடசாலைகளுட் பெரும்பான்மையானவை தனியாருடையவை. கட்டணமின்றிக் கல்வி இல்லை. அக்கட்டணத்தைச் செலுத்த இயலாத தாய், பிள்ளை படிக்கும், மூன்று வேளை உண்ணும் என்ற வாக்குறுதியை நம்பி அதனை ஒப்படைத்தாள். அவளிடம் இல்லாதது அன்பன்று, பணமே. அப்பணமோ கடல் கடந்து வந்துகொண்டிருந்தது. ஆனால் அது அவளுடைய குடிசைக்குச் செல்லவில்லை, இல்லத்திற்குச் சென்றது. பிள்ளை தாயோடு இருக்கும்வரை அதற்கு ஒரு சதமேனும் கிடையாது. தாயைப் பிரிந்தால் உணவும் உடையும் புத்தகமும் உண்டு. உதவி இவ்விதம் ஒழுங்குசெய்யப்பட்ட பின், குடும்பங்கள் சிதைவதைக் கண்டு வியப்பது அறியாமை.

இங்கே தொழிற்படுவது சந்தையின் நியதியே. இல்லத்தின் வருவாய் பார்வையாளரைச் சார்ந்தது. பார்வையாளரின் வருகை பிள்ளைகளைச் சார்ந்தது. ஆகவே பிள்ளைகள் தேடிக் கொணரப்படுகின்றனர். கம்போடியாவில் 2005இற்கும் 2010இற்கும் இடையில் சிறுவர் இல்லங்களின் தொகை 75 வீதத்தால் உயர்ந்தது. அவ்வைந்தாண்டுகளில் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழவில்லை. பெற்றோரைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த புதிய கொள்ளைநோயும் தோன்றவில்லை. பெருகியது வெளிநாட்டாரின் வருகையே. தேவை பெருகியதால் இல்லம் பெருகவில்லை. காண வருவோர் பெருகியதால் இல்லம் பெருகியது.

2010 சனவரி 12ஆந் திகதி ஹெயிட்டியைப் பூகம்பம் சிதைத்தது. அம்மாதம் முடிவதற்குள், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தை மையமாகக் கொண்ட பப்ரிஸ்ற் திருச்சபைக் குழுவினர் பதின்மர் 33 பிள்ளைகளை உரிய ஆவணங்கள் இன்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று எல்லையிற் கைதாயினர். அவர்கள் அங்கு அநாதை இல்லமொன்றை அமைக்கத் திட்டமிட்டிருந்தனர். அப்பிள்ளைகளுட் பெரும்பாலோரின் பெற்றோர் உயிருடன் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. கைதானவர்கள் கொடியவர்கள் அல்லர். தாம் மீட்பர்கள் என்று உண்மையாகவே நம்பியவர்கள். அதுவே அஞ்சத்தக்கது. ஒரு ஹெயிட்டியக் குழு அமெரிக்க நகரொன்றிற்குச் சென்று, அனர்த்தத்தின் மறுவாரமே அங்குள்ள 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றியிருப்பின், அச்செயலை உலகம் எப்பெயரால் அழைத்திருக்கும்? பத்தாண்டின் பின், 2020 பெப்ரவரியில், தலைநகருக்கு அண்மையிலுள்ள கென்ஸ்கொவ் என்னுமிடத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவக் குழுவொன்று அனுமதியின்றி நடத்திய இல்லத்தில் இரவு தீப்பற்றிப் பதினைந்து பிள்ளைகள் மாண்டனர். மின்சாரம் இல்லாமையால் மெழுகுதிரி ஏற்றப்பட்டிருந்தது எனச் செய்திகள் கூறின.

உயிராபத்து நேராத இல்லங்களிலும் பிள்ளைக்கு நேரும் கேடு சிறிதன்று. ஜோன் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை தொட்டு, ருமேனியாவின் புக்காரெஸ்ற் நகரில் 136 பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு வரை, உளவியலார் ஒரு முடிவையே வலியுறுத்தி வந்துள்ளனர்: நிலையான ஒருவரின் பராமரிப்பு குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது, நிறுவன வாழ்வு அதற்கு ஈடாகாது. இல்லத்துப் பிள்ளைகள் முன்பின் அறியாத விருந்தினரை ஓடிவந்து தழுவிக்கொள்வதைப் பயணிகள் நெகிழ்ந்து விவரிப்பர். அது அன்பின் பெருக்கு என்று அவர்கள் எண்ணுகின்றனர். யாரையும் வேறுபாடின்றிப் பற்றிக்கொள்ளும் அவ்வியல்பைப் பற்றுறவு சிதைந்தமையின் அறிகுறியாகவே உளவியலார் கருதுகின்றனர். தாயின் மடியில் வளரும் குழந்தை அந்நியரைக் கண்டால் முந்தானையின் பின் ஒளிந்துகொள்ளும். அந்த அச்சத்தையும் இழந்துவிட்ட குழந்தையிடம் பத்து நாள் பாசம் காட்டிப் பின் மறைந்துவிடுவது, கைவிடப்படும் அனுபவத்தை ஆண்டுக்குப் பலமுறை அதற்குப் பயிற்றுவதாகும்.

இப்பயணங்களுக்கு ஆதாரமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது யாக்கோபு நிருபத்தின் முதலாம் அதிகாரத்து 27ஆம் வசனம். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் பேணுவதே மாசற்ற பக்தி என்பது அதன் சாரம். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ‘சென்று காணுதல்’ எனவும் பொருள்படும் வினைச்சொல்லை ஆண்டது. தமிழ் விவிலியம் தேர்ந்தெடுத்த சொல்லோ ‘விசாரித்தல்’. கிரேக்க மூலச்சொல்லும் மேற்பார்த்துப் பேணுதல் என்ற பொருளையே தழுவியது. ஆயரைக் குறிக்கும் கிரேக்கப் பெயர்ச்சொல் அதனோடு உறவுடையது. காண்பவனுக்குக் கண் போதும். விசாரிப்பவன் கேட்டறிதல் வேண்டும். உன் தாய் எங்கே, உன் ஊர் எது, நீ ஏன் இங்கு இருக்கின்றாய் என்று கேட்டறிதல் வேண்டும். மேலும் அவ்வசனம் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒருசேரக் கூறுவது கருதத்தக்கது. தந்தையை இழந்த பிள்ளையின் தாயே அவ்விதவை. மிசன் பயணம் அவ்விருவரையும் பிரித்துப் பிள்ளையை மட்டும் நிழற்படத்துள் அமைத்துக்கொண்டது. விதவையை விசாரித்தவர் யார்?

பயணம் பணத்தைக் கொணர்கின்றது, நேரிற் கண்டவரே பின்னர் வாரி வழங்குவர் என்பது இதன் ஆதரவாளர் கூறும் முதல் நியாயம். 1998இல் மிற்ச் சூறாவளி ஹொண்டூராஸை அழித்தபின் கட்டப்பட்ட வீடுகளை அமெரிக்காவின் கல்வின் கல்லூரிச் சமூகவியலாளர் கேற் வெர் பீக் ஆராய்ந்தார். கிறிஸ்தவக் கல்லூரியொன்றின் ஆசிரியராகிய அவர் சமயத்தின் எதிரி அல்லர். மிசன் குழுக்கள் வந்து கட்டிய வீடொன்றுக்கு, பயணச் செலவு உட்பட, ஏறத்தாழ 30,000 டொலர் செலவாயிற்று. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் கட்டிய வீட்டுக்கோ 2,000 டொலரே போதுமாயிருந்தது. ஒரு வீட்டின் செலவில் பதினைந்து வீடுகள் எழுந்திருக்கலாம். உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைத்திருக்கும். சென்று திரும்பியோரின் கொடையிலும் வாழ்விலும் குறிப்பிடத்தக்க நிலையான மாற்றம் நிகழவில்லை என்பதும் அவர் கண்ட முடிவு. சிறு ஆலயங்களின் நிலையும் இதற்கு வேறன்று. விருந்தினரை வரவேற்க, உணவளிக்க, மொழிபெயர்க்க ஏழைச் சபை தன் நாட்களைச் செலவிடுகின்றது. அடுத்த ஆண்டும் அவர்கள் வரவேண்டுமே என்பதற்காக அவர்கள் விரும்பும் குரலிற் பேசப் பழகிக்கொள்கின்றது.

புரவலனின் வருகை உள்ளூராரின் விதியை நிர்ணயிக்கும் நிலையை ஈழத்துத் தமிழர் தம் வரலாற்றிலேயே கண்டவர்கள். அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது. பொருளுதவிய அமெரிக்கர்களின் பெயர்களை விடுதி மாணவர்க்குச் சூட்டுவது அக்கால வழக்கம். கறல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை முதலிய அறிஞர்தம் பெயர்களின் முன்னொட்டுகள் அவ்வழக்கத்தின் எச்சங்களே. எனினும் அம்மிசனரிமார் ஆண்டுக்கணக்கில் இங்குத் தங்கினர், தமிழ் கற்றனர். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவர்கள் தமிழ் அறிந்தவர்களாதலின், ஆறுமுக நாவலர் அவர்களைத் தமிழிலேயே கண்டித்தெழுதவும் முடிந்தது. பத்து நாட்களில் மறைந்துவிடும் விருந்தினரை எவர் எம்மொழியிற் கண்டிப்பது? அத்தகைய வருகையொன்றின் வலிமையையும் யாழ்ப்பாணம் அறிந்தது. அமெரிக்க மிசன் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு இப்பகுதிகளைப் பார்வையிட்டதன் விளைவாக, முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தழைத்த செமினரி 1855இல் மூடப்பட்டது. சுதேசத் திருச்சபைகள் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்று போதித்தவரும் இதே அண்டர்சன்தான்! உள்ளூர்க் கிறிஸ்தவரின் இடையறாத முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோதே அவ்விழப்பு ஓரளவு ஈடுசெய்யப்பட்டது.

பயணம் இளைஞரின் உள்ளத்தைப் பண்படுத்துகின்றது என்பது இரண்டாவது நியாயம். ஒருவருடைய ஆன்ம வளர்ச்சிக்கு இன்னொருவருடைய வறுமை பாடநூலாதல் தகுமா என்பதே இதற்கு விடை. 1968இல் மெக்சிக்கோவிற் தொண்டாற்ற முனைந்த வட அமெரிக்க மாணவரிடம் கத்தோலிக்கக் குருவானவர் இவான் இலிச், கற்க வாருங்கள், உதவி செய்ய வராதீர்கள் என்ற கருத்துப்பட உரைத்தார். அவ்வுரைக்கு அரை நூற்றாண்டு கழிந்தும் பயணங்கள் பெருகினவேயன்றிக் குறையவில்லை.

உண்மையிலேயே யாருமற்ற பிள்ளையைத் தெருவில் விடுவதா என்பது மூன்றாவது வினா. இவ்வினா நேர்மையானது. அத்தகைய பிள்ளைகள் உள்ளனர். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆயின் ஐவரில் ஒருவரின் பெயரால் மற்றை நால்வரையும் தாயிடமிருந்து பிரிப்பதற்கு அது நியாயமாகாது. அவ்வொருவருக்கும் பேத்தியாரோ, மாமனோ, வளர்ப்புப் பெற்றோரோ கிடைக்கக்கூடும். ருவாண்டா 2012இல் இல்லங்களை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிற் சேர்க்கும் கொள்கையை ஏற்றது. 2018இல் அவுஸ்திரேலியா நவீன அடிமைத்தனம் பற்றிய சட்டத்தை இயற்றியபோது, ஆதாயத்துக்காகப் பிள்ளைகளை இல்லங்களிற் சேர்ப்பதையும் அதன் ஒரு வடிவமாகக் கருதியது. 2019 திசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் அநாதை இல்லங்களுக்கான தொண்டர் சுற்றுலாவின் தீங்கைச் சுட்டிக்காட்டியது.

2021இன் பின் ஆயுதக் குழுக்களின் வன்முறையால் ஹெயிட்டிக்கான பயணங்கள் பெரிதும் அருகின. அவ்வாண்டு ஒக்டோபரில் சிறுவர் இல்லமொன்றைக் கண்டு திரும்பிய பதினேழு பேர் கடத்தப்பட்டு, திசெம்பருக்குள் அனைவரும் மீண்டனர். ஆனால் அச்சத்தால் நின்ற பயணம் திருந்திய பயணம் ஆகாது. குழுக்கள் வேறு நாடுகளை நாடுகின்றன. செய்யவேண்டியது கடினமானதன்று. விமானச்சீட்டுக்கு ஒதுக்கிய பணம் பாடசாலைக் கட்டணமாகத் தாயின் கைக்குச் செல்லட்டும். இல்லங்களுக்கு அளிக்கும் நன்கொடையோடு, பிள்ளைகளை எத்தனை மாதங்களில் வீடு சேர்ப்பீர் என்ற நிபந்தனையும் செல்லட்டும். அந்நிபந்தனையை ஏற்க மறுக்கும் இல்லத்திற்கு ஒரு சதமேனும் செல்லாதிருக்கட்டும். இவற்றைச் செய்ய முன்வராத திருச்சபை, தான் பிள்ளைகளுக்காகப் பயணம் செய்வதாகக் கூறும் உரிமையை இழந்துவிடுகின்றது.