ஹியூமிக் அமிலம் கேனில் கிடைக்கும்... மட்கு கிடைக்குமா? சோகைக்குத் தீ வைக்கும் முன் ஒரு கணக்கு!

கள்ளக்குறிச்சி நகரில் இருக்கும் கருணாபுரத்தை நாடே தெரிந்துகொண்டது 2024 ஜூனில்தான். விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் தினக்கூலிகள். கொஞ்ச நாளில் கேமராக்கள் கிளம்பிவிட்டன. மறுபடி ஒரு சாவு விழுந்தால்தான் இந்த ஊர் செய்தியாகும். ஆனால், இங்கே நிறைய பேருக்குச் சோறு போடும் வயலில் சத்தமில்லாமல் நடக்கும் ஓர் இழப்பு பிரேக்கிங் நியூஸ் ஆவதே இல்லை.

கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. கரும்பு வெட்டு முடிந்ததும் வயலில் காய்ந்த சோகை குவிந்து கிடக்கும். பல இடங்களில் அதற்குத் தீ வைத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் உரக்கடையில் 'மண்ணை வளமாக்கும்' கருப்புத் திரவம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதுதான் ஹியூமிக் அமிலம். எரிப்பதை நிறுத்தாமல் இதை வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் கதை.

மட்கு எப்படி உருவாகிறது?

வீக்கெண்டில் கல்வராயன் மலைக்கு, பெரியார் அருவி பார்க்கப் போகிறீர்களா? வழியில் காட்டுத் தரையில் சருகை லேசாக விலக்கிப் பாருங்கள். மேலே முழு இலை. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் கீழே, எது இலை எது மண் என்றே தெரியாத கருப்புப் பொடி. அதுதான் மட்கு, அதாவது ஹியூமஸ்.

கரையானும் மண்புழுவும் சருகை அரைத்துக் கொடுக்கும். சர்க்கரை, மாவுச்சத்து போன்ற எளிதானவற்றை பாக்டீரியாக்கள் முதலில் தின்னும். லிக்னின் என்ற கடினமான பகுதியை உடைப்பதில் பூஞ்சைகள்தான் கில்லாடிகள். இதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். மிச்சமும், செத்துப்போன நுண்ணுயிர்களின் உடலும் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு பல வருஷம் தங்கும்.

மண்ணுக்கு என்ன லாபம்?

முதலில் தண்ணீர். மட்கு மண்துகள்களை உருண்டை உருண்டையாகச் சேர்த்து வைக்கும். மழை வழிந்து ஓடாமல் உள்ளே இறங்கும், ஈரமும் நிற்கும்.

அடுத்தது உரம். மட்கின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு, வேர் கேட்கும்போது கிடைக்கும். செம்மண்ணில் இருக்கும் கயோலினைட் வகைக் களிமண்ணைவிட மட்கு இந்த வேலையைப் பல மடங்கு செய்யும். மட்கு குறைந்த வயலில் நாம் போடும் உரம் சுலபமாகத் தண்ணீரோடு போய்விடும்.

அப்போ, கேனில் இருப்பது என்ன?

பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியின் சாறு. நம் பக்கத்து நெய்வேலியில் எடுக்கிறார்களே, அதே வகை. நிலக்கரியைக் காரக் கரைசலில் ஊறவைத்தால் கருப்புச் சாறு இறங்கும். அதில் அமிலம் விட்டால் அடியில் படிவது ஹியூமிக் அமிலம், கரைந்தே நிற்பது ஃபல்விக் அமிலம். 1786-லேயே ஜெர்மானியர் அச்சார்ட் கரிச்சேற்று மண்ணில் இந்த முறையைச் செய்து பார்த்தார்.

இங்கேதான் ட்விஸ்ட். 2015-ல் யோஹன்னஸ் லேமன், மார்கஸ் க்ளேபர் என்ற இரு விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் ஒரு கேள்வி எழுப்பினார்கள். காரத்தில் ஊறவைத்து எடுக்கும் இந்தப் பெரிய கருப்பு மூலக்கூறுகள் உண்மையில் மண்ணில் அப்படியே இருக்கின்றனவா? இல்லை என்பது அவர்கள் வாதம். மண்ணில் இருப்பது, சிதைவின் வெவ்வேறு கட்டத்தில் நிற்கும் கரிமப் பொருட்களின் தொடர் ஓட்டம். இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

அதற்காக ஹியூமிக் அமிலம் மோசடி என்று அர்த்தமில்லை. குறைந்த அளவிலேயே அது வேர் வளர்ச்சியைத் தூண்டலாம். பலன் மண்ணுக்கு மண், பயிருக்குப் பயிர் மாறும். மத்திய அரசும் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, இதை உயிரூக்கிகள் பட்டியலில்தான் சேர்த்தது. ஊக்கி வேறு, மட்கு வேறு.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 900 டன். அதில் கார்பனை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கார்பன் தேவை. கேனில் இருந்து ஏக்கருக்குப் போவது சில லிட்டர்தான். ஒரு ஏக்கர் கரும்பில் மிஞ்சும் சோகை சுமார் 3 முதல் 4 டன். அதில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கார்பன். அதில் கொஞ்சம்தான் மண்ணில் தங்கும் என்றாலும், வருஷா வருஷம் சேரும். எரித்தால் கார்பனும் நைட்ரஜனும் பெரும்பாலும் புகையாகிவிடும். 'சாம்பலும் உரம்தானே' என்பது பாதி உண்மை. சாம்பலில் பொட்டாஷ் இருக்கும், மட்கு இருக்காது.

விவசாயி மீது பழி போடலாமா?

கூடாது. ஆள் கிடைப்பதில்லை, கூலி அதிகம். மறுதாம்புக்கு உடனே வயலைத் தயார் செய்ய வேண்டும். சோகைக்குள் பாம்பு, எலி பயம் வேறு. தீப்பெட்டி விலை குறைவு. சோகையைத் தூளாக்கும் கருவி அதைவிடச் சுலபமாகக் கிடைத்தால்தான் தீ அணையும். வாடகை இயந்திரங்களை வெட்டு சீசனில் ஆலை வட்டாரத்துக்கே கொண்டுவருவது அரசின் வேலை. 100 டன் கரும்பை அரைத்தால் 3 முதல் 4 டன் பிரஸ்மட் கிடைக்கும். அதை மக்கவைத்து, கரும்பு தந்த வயலுக்கே திருப்பி அனுப்புவது ஆலைகளின் வேலை.

2024-25 வேளாண் பட்ஜெட்டில் 206 கோடி ரூபாயில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தை அறிவித்தது தமிழக அரசு. பசுந்தாள் உரத்துக்கு அதில் இடம் உண்டு. நல்ல தொடக்கம்தான். ஆனால், தக்கைப்பூண்டு விதை கொடுத்துவிட்டு பக்கத்து வயலில் சோகை எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு நேராகாது.

சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்து இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் நிலம் இருக்கிறதா? இன்று போன் பேசும்போது மண்வள அட்டையை எடுத்து, 'கரிமக் கார்பன்' வரியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். 0.5-க்குக் கீழே என்றால் குறைவு. அடுத்த வெட்டில் சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பி, சாணக் கரைசலும் கொஞ்சம் யூரியாவும் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோகையில் நைட்ரஜன் ரொம்பக் குறைவு, அதனால்தான் யூரியா. முதலில் அரை ஏக்கரில் செய்து பார்த்தால் போதும். கேனை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.